வந்தோர் வளர்த்த தில்லி

தொழில் நகரங்கள் எவை என்று ஒருவரைக் கேட்டால், பம்பாய் என்பார், அகமதாபாத் என்பார், கோயம்புத்தூர், ஜாம்ஷெட்பூர் என்று அடுக்குவார். தில்லி என்று சொல்பவர் அரியர். தலைநகரம் என்றால் நாடாளுமன்றமும், அமைச்சகங்களும், தூதரகங்களும், குடியரசு தின அணிவகுப்புமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. கோப்புகள் நகரும் ஊர் என்பதன்றி, பொருள்கள் உருவாகும் ஊர் என்று தில்லியை நாம் எண்ணுவதில்லை.

இவ்வெண்ணத்திற்குக் காரணமும் உண்டு. தில்லி மண்ணில் நிலக்கரி கிடையாது. இரும்புக் கனிமம் கிடையாது. பருத்தி விளையும் கரிசல் பூமியும் கிடையாது. கடலோ வெகு தொலைவு. யமுனையில் சரக்குக் கப்பல் செல்வதில்லை. மொத்த நிலப்பரப்பு 1,483 சதுர கிலோமீட்டர் மட்டுமே. பொருளாதார நூல்கள் ஒரு தொழில் நகரத்திற்கு வேண்டுவனவாகக் கூறும் இயற்கை வசதிகளுள் பெரும்பாலானவை இவ்வூருக்கு வாய்க்கவில்லை. எனினும் பஞ்சு நூற்பிலிருந்து கணிப்பொறி வரை பல தொழில்கள் இங்கே தோன்றின, சில மறைந்தன, சில இன்றும் நடைபெறுகின்றன. கனிமமும் துறைமுகமும் இல்லாத ஊரில் இவை எப்படித் தோன்றின என்னும் கேள்விக்கு ஒரே விடைதான் உண்டு. தில்லியின் மூலப்பொருள், வெளியூர்களிலிருந்து அங்கு வந்து சேர்ந்த மக்கள். தமிழகத்தை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இவ்வரலாறு அயலான ஒன்றன்று.

முதற்கண் தில்லியின் ஆட்சி அமைப்பைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். 1911 டிசம்பர் 12-ஆம் நாள் தில்லி தர்பாரில், தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தார். லட்யன்ஸ், பேக்கர் ஆகிய கட்டடக் கலைஞர்கள் வகுத்த புது தில்லி 1931-இல் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. சுதந்திரத்திற்குப் பின் 1952-இல் தில்லிக்குத் தனிச் சட்டசபை ஏற்பட்டது; 1956-இல் அது நீங்கி, தில்லி மத்திய ஆட்சிப் பகுதியாயிற்று. பின்னர் 1991-இல் நிறைவேறிய அரசியல் சட்டத்தின் 69-ஆவது திருத்தத்தின்படி ‘தேசியத் தலைநகரப் பகுதி’ என்னும் பெயருடன் மீண்டும் சட்டசபை பெற்றது. 1993-இல் தேர்தல் நடந்தது. ஆயினும் காவல் துறையும் நில நிர்வாகமும் மத்திய அரசிடமே உள்ளன. மாநிலம் போன்றது, ஆனால் முழு மாநிலம் அன்று. நிலம் யார் கையில் உள்ளது என்பதை நேயர்கள் நினைவில் இருத்திக்கொள்வது நன்று. பின்னர் அது பயன்படும்.

இனித் தொழிலுக்கு வருவோம். 1639-இல் ஷாஜஹான் யமுனைக் கரையில் புதியதொரு நகரத்தை எழுப்பத் தொடங்கினார்; 1648-இல் செங்கோட்டை நிறைவுற்றது. அரண்மனையைச் சார்ந்து ‘கார்கானா’ எனப்படும் தொழிற்கூடங்கள் இயங்கின. பொற்சரிகைத் தையல்காரர்கள், நகை வேலைக்காரர்கள், ஆயுதம் செய்வோர், ஓவியர்கள் ஆகியோர் பல நாடுகளிலிருந்தும் பல ஊர்களிலிருந்தும் வரவழைக்கப்பட்டனர். அந்நகரின் கடைத்தெருக்கள் இன்றும் தொழில்வாரியாகவே பிரிந்து கிடக்கின்றன. வெள்ளி நகைக்கு தரீபா கலான்; சரிகைக்கும் திருமண அலங்காரப் பொருள்களுக்கும் கினாரி பஜார்; நறுமணச் சரக்குகளுக்குக் காரி பாவ்லி; காகிதத்திற்கு சாவ்ரி பஜார்; புத்தகத்திற்கு நயீ சடக். நம் மதுரையில் கோயிலைச் சுற்றி ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வொரு தெரு அமைந்திருப்பதைப் போன்றதே இவ்வமைப்பு.

1857-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் ஆங்கிலப் படையினர் நகர மக்களை வெளியேற்றினர். அரண்மனைத் தொழிற்கூடங்கள் அத்துடன் அழிந்தன. பின்னர் இருப்புப் பாதைகள் வந்தன. பஞ்சாபிலிருந்தும் ராஜபுதனத்திலிருந்தும் சரக்குகள் வந்து கூடும் சந்திப்பாகத் தில்லி மாறியது. பருத்தி விளையாத தில்லிக்குப் பருத்தியை ரயில் கொண்டுவந்தது. 1889-இல் ‘தில்லி கிளாத் மில்ஸ்’ தோன்றியது. லாலா ஸ்ரீராம் என்னும் தொழிலதிபர் காலத்தில் அம்மில் வட இந்தியாவின் பெரும் நிறுவனங்களுள் ஒன்றாக ஓங்கி, துணியோடு சர்க்கரை, இரசாயனம் முதலிய துறைகளிலும் கால் பதித்தது. பிர்லா மில் முதலிய வேறு ஆலைகளும் எழுந்தன. உத்தரப் பிரதேசக் கிராமங்களிலிருந்தும் ராஜஸ்தானத்திலிருந்தும் வந்த உழவர்கள் ஆலைத் தொழிலாளர் ஆயினர்.

இம்மில்லின் கதையில் தமிழர்களுக்கு உவப்பானதொரு கிளைக்கதை உண்டு. தில்லி கிளாத் மில்ஸ் நிறுவனம் கணக்கிடும் மின்னணுக் கருவிகளுக்கென ஒரு பிரிவைத் தொடங்கியிருந்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் 1945-இல் பிறந்து, கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்ற சிவ நாடார் அப்பிரிவில் பணியாற்றினார். பிறகு நண்பர் சிலருடன் விலகி, 1976-இல் ‘எச்.சி.எல்.’ நிறுவனத்தைத் தொடங்கினார். தில்லியில் ‘பரசாத்தி’ எனப்படும் மொட்டைமாடி அறையொன்றில் அவர்களுடைய முயற்சி உருக்கொண்டது. 1978-இல் அந்நிறுவனம் தன் முதல் நுண்கணிப்பொறியை வெளியிட்டது. பஞ்சாலையில் ஊன்றிய விதை கணிப்பொறியாக முளைத்த விந்தை இது! அதனை முளைக்க வைத்தவர்களுள் முதல்வர், தாமிரபரணி நாட்டிலிருந்து வேலை தேடி வடக்கே சென்ற ஓர் இளைஞர்.

தில்லியின் தொழில் முகத்தை மாற்றியமைத்த பெருநிகழ்ச்சி 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையாகும். மேற்குப் பஞ்சாபிலிருந்தும், சிந்து, எல்லைப்புற மாகாணம் ஆகியவற்றிலிருந்தும் சுமார் 5 லட்சம் அகதிகள் இந்நகருக்குள் புகுந்தனர். அதே வேளையில் முஸ்லிம் குடும்பங்கள் பெருந்தொகையில் நகரை நீங்கின. 1941-இல் ஏறத்தாழ 9 லட்சமாக இருந்த மக்கள்தொகை, 1951-இல் 17 லட்சத்தைக் கடந்தது. கிங்ஸ்வே முகாமிலும், பழைய கோட்டையிலும், நடைபாதைகளிலும் மக்கள் தங்கினர். லாஜ்பத் நகர், படேல் நகர், ராஜேந்திர நகர் முதலிய குடியிருப்புகள் அவர்களுக்காக எழுந்தவையே.

அவ்வாறு வந்தவர்களுள் சியால்கோட்டைச் சேர்ந்த தரம்பால் குலாட்டியும் ஒருவர். தில்லியில் குதிரை வண்டி ஓட்டிச் சிலகாலம் பிழைத்த அவர், தம் குடும்பத் தொழிலான மசாலைப் பொடி வியாபாரத்தைக் கரோல் பாக்கில் ஒரு சிறு கடையில் மீண்டும் தொடங்கினார். 1959-இல் கீர்த்தி நகரில் ஆலை நிறுவினார். ‘எம்.டி.எச்.’ என்னும் மூன்றெழுத்தை அறியாத சமையலறை வடநாட்டில் அரிது. பிரிவினை அகதி அல்லராயினும், பஞ்சாபின் மலேர்கோட்லாவிலிருந்து வந்த பள்ளி ஆசிரியர் கீமத் ராய் குப்தா, 1958-இல் சாந்தினி சௌக்கை அடுத்த பகீரத் பேலஸ் மின்சாதனச் சந்தையில் வியாபாரம் தொடங்கி, 1971-இல் ‘ஹாவெல்ஸ்’ என்னும் வணிகப் பெயரை விலைக்கு வாங்கி, அதனைப் பெரும் மின்கருவி நிறுவனமாக வளர்த்தார். இவர்களுக்கு மூலதனமாக இருந்தவை தொழிலறிவும், கடன் கொடுக்க முன்வந்த உறவினரின் நம்பிக்கையும், திரும்பிச் செல்ல ஊர் இல்லை என்ற உறுதியுமே ஆகும்.

அரசாங்கமும் கைகொடுத்தது. 1955-இல் தேசியச் சிறுதொழிற் கழகம் நிறுவப்பட்டது. ஓக்லாவில் அமைந்த தொழிற்பேட்டையில், முன்கூட்டியே கட்டி முடித்த கொட்டகைகளை வாடகைக்குத் தந்து, இயந்திரங்களைத் தவணை முறையில் வழங்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. சென்னைக் கிண்டித் தொழிற்பேட்டையை அறிந்த நேயர்களுக்கு இம்முறை புதிதன்று. பின்னர் 1971-இல் தில்லி அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் தோன்றியது.

இன்று தில்லியின் வருவாயில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட பங்கு வாணிபம், வங்கி, போக்குவரத்து, கல்வி, அலுவலகப் பணி முதலிய சேவைத் துறைகளிலிருந்தே வருகிறது. பொருளாக்கத் தொழிலின் பங்கு சிறியதே. அதுவும் பெரும்பாலும் சிறு பட்டறைகளில் நடப்பது. ஆயினும் அப்பட்டறைகளில் விளையும் பொருள்கள் நம் அன்றாட வாழ்வோடு நெருங்கியவை. காந்தி நகரில் ஆயத்த ஆடைகள் தைக்கப்பட்டு மொத்த விலைக்கு நாடெங்கும் செல்கின்றன. கீர்த்தி நகரில் மரச்சாமான்கள் உருவாகின்றன. மாயாபுரியில் பழைய மோட்டார் வண்டிகளும் இயந்திரங்களும் பிரிக்கப்பட்டு, ஒவ்வோர் உறுப்பும் மறுபிறவி எடுக்கின்றது. நேரு பிளேஸ் சந்தை கணிப்பொறிகளுக்கும் அவற்றைப் பழுது பார்ப்போருக்கும் பெயர்பெற்றது.

வஜீர்பூரைச் சற்று நின்று காணவேண்டும். நம் வீடுகளில் ‘எவர்சில்வர்’ என்று வழங்கும் பாத்திரங்களுக்குரிய தகடு அங்கே உருவாகிறது. எஃகுத் துண்டுகளை உலையில் செக்கச்செவேலெனக் காய்ச்சி, உருளைகளுக்கு இடையே செலுத்தித் தகடாக்குவர். தகட்டின் மேற்படியும் கருமையை அமிலத் தொட்டியில் தோய்த்து நீக்குவர். பிறகு வட்டமாக வெட்டி, அச்சில் அழுத்தி, தட்டாகவும் குவளையாகவும் வடித்து, சாணைச் சக்கரத்தில் மெருகேற்றுவர். உலையருகே நிற்பவர் இடைவிடாது வேலை செய்ய இயலாது. அரைமணி நேரம் வேலை, அரைமணி நேரம் ஓய்வு என மாறி மாறி நிற்கும் அளவிற்கு வெப்பம் கடுமையானது. கூலியும் பாதுகாப்பும் வேண்டி 2014-இல் இத்தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். நம் சாப்பாட்டு மேசையில் முகம் பார்க்கும்படி பளபளக்கும் தட்டில், பீகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த ஒருவரின் வியர்வை கலந்திருக்கக்கூடும் என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

தொழில் வளர்ச்சி தன் விலையையும் கேட்டது. வீடுகளுக்கு நடுவே அமிலத் தொட்டியும் உலைக்கூடமும் இருந்தமையால் காற்றும் நீரும் மாசுற்றன. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், அபாயகரமானவை எனக் கருதப்பட்ட 168 தொழிற்சாலைகள் 1996 நவம்பர் 30-க்குள் தில்லியில் இயங்குவதை நிறுத்தவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு ஜூலையில் தீர்ப்பளித்தது. பழைய பஞ்சாலைகளும் அப்பட்டியலில் இருந்தன. குடியிருப்புப் பகுதிகளில் இருந்த பல்லாயிரம் சிறு பட்டறைகளும் பின்னர் நகரின் விளிம்பிலுள்ள பவானா, நரேலா முதலிய இடங்களுக்குப் பெயரவேண்டியதாயிற்று. 1998-இல் வந்த மற்றொரு தீர்ப்பின் விளைவாக, 2002-ஆம் ஆண்டின் இறுதிக்குள் தில்லியின் பொதுப் பேருந்துகள் யாவும் இயற்கை எரிவாயுவுக்கு மாறின.

தூய காற்று வேண்டும் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. இன்றும் குளிர்காலந்தோறும் தில்லி மக்கள் புகைமூட்டத்தில் மூச்சுத் திணறுவதைக் காண்கிறோம். அப்புகைக்கு வாகனங்களும், கட்டட வேலைத் தூசியும், அண்டை மாநிலங்களில் வைக்கோல் எரிப்பும், ஆலைகளும் எனக் காரணங்கள் பல. ஆனால் 1996-ஆம் ஆண்டின் மாற்றத்தில் ஒரு பாடம் உண்டு. வேலையிழந்தோருக்கு இழப்பீடு தர நீதிமன்றம் ஆணையிட்டது. பெயர்ப் பதிவேட்டில் இருந்தவர்கள் அதனைக் கோர முடிந்தது. ஒப்பந்தக்காரர் மூலம் வந்து, எந்தப் பதிவேட்டிலும் பெயரில்லாது பல்லாண்டு உழைத்தவர்கள் எதைக் காட்டிக் கோருவர்? நகரத்தின் நன்மைக்காகச் செய்யும் நற்செயலின் சுமையும், நகரில் தன் பெயரை எழுதிவைக்க இயலாதவன் தோளிலேயே போய் விழுந்தது.

தொழில் தேடி வந்தவர்கள் தம் கைகளை மட்டுமா கொண்டுவந்தனர்? தெய்வத்தையும், மொழியையும், உணவையும், பாட்டையும் உடன் கொண்டுவந்தனர். தில்லியின் பண்பாட்டு வளம் இவ்வாறு திரண்டதே. 1253-இல் பிறந்த அமீர் குஸ்ரோ, பாரசீகத்தையும் இந்நாட்டு மக்கள் மொழியையும் இணைத்துக் கவிதை புனைந்தார். அவரும், அவர் ஞானகுருவான நிஜாமுத்தீன் அவுலியாவும் 1325-ஆம் ஆண்டு மறைந்து, அருகருகே அடக்கம் பெற்றுள்ளனர். இன்றும் வியாழன் மாலைகளில் அவ்விடத்தே கவ்வாலி இசை கேட்கலாம். உருது மொழி வளர்ந்த தலங்களுள் தில்லி முதன்மையானது. மிர்சா காலிப் வாழ்ந்த பல்லிமாரான் வீதி வீடு நினைவகமாகப் போற்றப்படுகிறது.

மெஹ்ரௌலியில் ‘பூல்வாலோங் கீ சைர்’ என்றொரு பூ வணிகர் திருவிழா உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முகலாய மன்னர் இரண்டாம் அக்பர் காலத்தில் தோன்றியது. பூக்களால் புனைந்த விசிறிகளை ஊர்வலமாக எடுத்துச் சென்று, யோகமாயா தேவி கோயிலிலும், குத்புத்தீன் பக்தியார் காக்கியின் தர்காவிலும் காணிக்கை செலுத்துவர். 1942-இல் ஆங்கில அரசு இதனைத் தடுத்தது. 1960-களின் தொடக்கத்தில் ஜவாஹர்லால் நேருவின் முயற்சியால் மீண்டும் உயிர்பெற்றது. நாகூர் தர்காவிற்கும் வேளாங்கண்ணிக்கும் மதபேதமின்றிச் செல்லும் தமிழ் மக்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

பஞ்சாபியர் தந்தூர் அடுப்பைக் கொணர்ந்தனர். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தோர் சித்தரஞ்சன் பார்க்கில் துர்கா பூஜை நடத்துகின்றனர். திபெத்தியர் மஜ்னு கா டீலாவில் தம் வழிபாட்டிடத்தைச் சூழக் குடியமர்ந்தனர். பீகார் மக்கள் சட் பூஜையன்று யமுனையில் இடுப்பளவு நீரில் நின்று கதிரவனுக்கு அர்க்கியம் விடுகின்றனர். அந்நீரில் வெண்பனிபோல் மிதக்கும் நுரை, மாசின் அடையாளம் என்பது வேதனைக்குரியது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி 1 கோடியே 68 லட்சத்தை நெருங்கிய மக்கள் வாழும் இவ்விடத்தில், இந்தி ஆட்சிமொழியாகவும், பஞ்சாபியும் உருதும் இரண்டாம் ஆட்சிமொழிகளாகவும் விளங்குகின்றன. இசைக்கும் கூத்துக்கும் சங்கீத நாடக அகாதெமி, இலக்கியத்திற்கு சாகித்திய அகாதெமி, ஓவியத்திற்கும் சிற்பத்திற்கும் லலித கலா அகாதெமி ஆகிய மூன்றும் 1953, 1954-ஆம் ஆண்டுகளில் இந்நகரில் தொடங்கப்பெற்றன. 1955-இல் தமிழுக்கான முதல் சாகித்திய அகாதெமி பரிசு ரா. பி. சேதுப்பிள்ளையின் ‘தமிழின்பம்’ நூலுக்கு வழங்கப்பட்டது.

இனி, தில்லி நாட்டிற்கு அளித்த கொடைகளைக் காண்போம். அவற்றில் தமிழர் கைவண்ணம் எத்துணை என்பதையும் உடன் காணலாம்.

தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்திற்கு 1947 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1950 ஜனவரியில் அது திறக்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர், இராமநாதபுரம் சீமையில் வத்திராயிருப்பில் பிறந்த சர் கே. எஸ். கிருஷ்ணன். 1928-இல் சி. வி. ராமனுடன் ஒளிச்சிதறல் ஆராய்ச்சியில் இணைந்து உழைத்தவர் அவரே. நாட்டின் அளவைகளுக்கு ஆதாரமான தரங்களையும், இந்தியப் பொது நேரத்தையும் காத்துவரும் இக்கூடமே, தேர்தலில் நம் விரலில் இடும் அழியாத மையையும் உருவாக்கியது. அம்மையிலுள்ள வெள்ளி நைட்ரேட், தோலிலுள்ள உப்போடு கலந்து, வெளிச்சம் பட்டதும் கருத்துப் படிந்துவிடுகிறது. சோப்பிற்கும் நீருக்கும் அசைவதில்லை. 1962-ஆம் ஆண்டு மூன்றாவது பொதுத் தேர்தல் முதல், மைசூரிலுள்ள தொழிற்சாலையில் தயாரித்து நாடெங்கும் அனுப்பப்படுகிறது. கோடிக்கணக்கானோர் வாக்களிக்கும் நாட்டில், ஒருவர்க்கு ஒரு வாக்கு என்னும் நெறியைக் காப்பது இத்துளி மை.

இரண்டாவது கொடை, உணவு. பீகாரில் பூசா என்னும் ஊரில் 1905-இல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம், 1934-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சிதைவுற்று, 1936-இல் தில்லிக்கு வந்தது. நிலையமும் ஒரு குடிபெயர்ந்த நிலையமே! கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் அங்கே கோதுமை ஆராய்ச்சியில் ஈடுபட்டார். அக்காலத்துக் கோதுமைப் பயிர் உயரமானது. உரமிட்டுக் கதிர் கனத்தால் சாய்ந்துவிடும். ஆகவே குட்டையான தண்டுடைய இனம் தேவைப்பட்டது. சுவாமிநாதனின் முயற்சியால் 1963-இல் நார்மன் போர்லாக் இந்தியாவிற்கு வந்தார். மெக்சிகோவின் குட்டை இனங்கள் இங்கே சோதிக்கப்பட்டன. தில்லியின் வடமேற்கிலுள்ள ஜௌந்தி என்னும் கிராமம் விதைக் கிராமமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அதன் உழவர்கள் புதிய விதையைப் பெருக்கித் தந்தனர். அப்போது உணவமைச்சராக இருந்தவர் பொள்ளாச்சிப் பகுதியைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம். ஐயுற்றோர்க்கு விடையாகத் தம் அரசாங்க மாளிகைப் புல்வெளியை உழுது அவர் கோதுமை விதைத்தார். 1966-இல் 18,000 டன் விதைக் கோதுமை மெக்சிகோவிலிருந்து தருவிக்கப்பட்டது. 1968-இல் அறுவடை 1 கோடியே 65 லட்சம் டன்னை எட்டியது. அதே ஆண்டு ஜனவரியில், மண்ணையும் நிலத்தடி நீரையும் பேணாது உரமும் பூச்சிமருந்தும் பெய்தால் தீங்கு விளையும் என்று எச்சரித்தவரும் சுவாமிநாதனே. வெற்றியின் வாயிலில் நின்று அதன் ஆபத்தையும் கூறிய அறிவுடைமை போற்றத்தக்கது. 2023-இல் மறைந்த அவருக்கு 2024-இல் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.

மற்றவற்றைச் சுருங்கச் சொல்வோம். இந்தியாவில் தொலைக்காட்சி முதன்முதலாக ஒளிபரப்பானது 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியிலேதான். 1956-இல் தோன்றிய அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில், 1994 ஆகஸ்டு 3-ஆம் நாள் டாக்டர் பி. வேணுகோபால் தலைமையில் நாட்டின் முதல் வெற்றிகரமான இதய மாற்றுச் சிகிச்சை நடைபெற்றது. 2002 டிசம்பரில் ஷாதராவிலிருந்து தீஸ் ஹசாரி வரை ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயிலை நிறுவிய ஈ. ஸ்ரீதரன் கேரளத்தவர், 1964-ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாட்களில் சீர்படுத்திய பொறியாளரும் அவரே. இராமேசுவரத்துக் கடலில் பெற்ற கைத்தேர்ச்சி தலைநகரத்திலும் பயன்பட்டது.

தில்லித் தமிழரைப் பற்றிப் பேசாது இவ்வுரை நிறைவுறாது. கோடைக்குச் சிம்லா, குளிருக்குத் தில்லி என்று அரசாங்கமே இடம்பெயர்ந்து கொண்டிருந்த காலத்தில், அதனுடன் எழுத்தராகவும் கணக்கராகவும் சென்ற தென்னாட்டவர் 1923-இல் ‘மதராஸி கல்விச் சங்கம்’ என்னும் அமைப்பைத் தொடங்கினர். அதுவே தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக வளர்ந்து, லோதி எஸ்டேட், மந்திர் மார்க், பூசா ரோடு, ஜனக்புரி முதலிய இடங்களில் ஏழு பள்ளிகளை நடத்துகிறது. 1946-இல் தில்லித் தமிழ்ச் சங்கம் உருவாயிற்று. ராமகிருஷ்ணபுரத்துக் குன்றின்மேல் எழுந்த உத்தர சுவாமிமலைக்கு 1973-இல் குடமுழுக்கு நடந்தது. இந்திரா பார்த்தசாரதியும் ஆதவனும் தில்லித் தமிழரின் மனத்தைக் கதையாக்கினர், தி. ஜானகிராமன் தில்லி வானொலியில் கல்வி ஒலிபரப்புத் துறையில் பணியாற்றினார். தில்லியிலிருந்து சரோஜ் நாராயணசாமி வாசித்த தமிழ்ச் செய்தியைக் கேட்டுப் பல்லாண்டு காலம் தமிழகத்துத் தேநீர்க் கடைகள் விழித்தெழுந்தன.

ஆனால் தில்லிக்குச் சென்ற தமிழர் அனைவரும் அலுவலக மேசைக்குச் சென்றவர் அல்லர். விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பகுதிகளிலிருந்து மழை பொய்த்த ஆண்டுகளில் புறப்பட்டவர்கள், சாலை போடவும், கட்டடம் எழுப்பவும், பிறர் வீடுகளில் பாத்திரம் துலக்கவும் சென்றனர். ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலின் கரையோரம் அவர்கள் அமைத்த குடியிருப்பே ‘மதராஸி கேம்ப்’. அவர்களில் பலர் பக்கத்து நிஜாமுத்தீன், ஜங்புரா வீடுகளில் வேலை செய்தனர். பிள்ளைகளில் பலர் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் பயின்றனர். வடிகால் அடைபட்டு மழைக்காலத்தில் வெள்ளம் சூழ்வதால், ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்று உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. 2025 ஜூன் 1-ஆம் நாள் அக்குடியிருப்பு இடித்து அகற்றப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகளில் 189 குடும்பங்களே மாற்று வீட்டிற்குத் தகுதியுடையவை எனக் கணக்கிடப்பட்டன. அவ்வீடுகளும் நகரின் மறுகோடியான நரேலாவில், முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளன. அங்கிருந்து காலை ஏழு மணி வேலைக்கு வருவது எங்ஙனம்? ஏழு தமிழ்ப் பள்ளிகளுள் ஒன்றேனும் நரேலாவிற்கு அருகில் இல்லை என்பது அதனினும் பெரிய கவலை.

வெள்ளம் வடியவேண்டும் என்பது நியாயம். வடிகாலின் கரையில் எவரும் விரும்பிக் குடியேறுவதும் இல்லை. 1996-இல் ஆலைத் தொழிலாளிக்கு நேர்ந்ததும், 2025-இல் இவர்களுக்கு நேர்ந்ததும் ஒரே இயல்பினவை. இரண்டிலும் கேள்வி, பதிவேட்டில் பெயர் உண்டா என்பதே. வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை, வாடகை ஒப்பந்தம், வேலை கொடுத்தவரின் கடிதம் ஆகியவை வெறுங்காகிதங்கள் அல்ல. நகரத்தில் ஒருவன் வாழ்ந்தான் என்பதற்குரிய சாட்சிகள். எழுதப் படிக்கத் தெரிந்தவர், தெரியாதவருக்கு இவற்றைப் பெற்றுத்தருவது பெரும்பொருள் வேண்டாத அறம். 1923-இல் எழுத்தர்கள் சிலர் தம் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பள்ளி தொடங்கினார்களே, அவ்வறத்தின் அடுத்த படி இது. பம்பாயின் தாராவியிலும், பெங்களூரின் கட்டடத் தொழிலாளர் குடியிருப்புகளிலும், சூரத்திலும் வாழும் தமிழர் சங்கங்கள் ஆண்டு விழாவோடு இத்தகைய பணியையும் மேற்கொள்ளலாம். வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்துவதற்கு ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் போதும்.

கனிமம் இல்லாத மண்ணில் பஞ்சாலையும், கணிப்பொறியும், கோதுமை விதையும், அழியாத மையும் தோன்றின. அவற்றைத் தோற்றுவித்தோர் பெரும்பாலும் வேறெங்கோ பிறந்தவர்கள். அவர்களில் சிலருக்கு விருதும் வீதிப்பெயரும் கிடைத்தன. பலருக்கு ஒரு முகவரிகூடக் கிடைக்கவில்லை. வந்தோர் யாவர்க்கும் முகவரி கிடைக்கும் நாளில்தான், வந்தோர் வளர்த்த அந்நகரம் தன் கடனைத் தீர்த்ததாகும்.